வாசகர் கேள்வி – பதில்: எதற்காகப் பிறந்தோம் என்று கேட்கிறவர்களுக்கு

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. வாழ்க்கைக்கு நோக்கம் உண்டு என்று விசுவாசிக்கிற ஒருவருக்கு அந்த நோக்கம் புலப்படாமல் போனால் அவர் என்ன செய்வார் என்பதே அது. ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மார்ச் மாதம் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (புது வருஷத்துக்கென்று ஆளுக்கொன்றாக எடுக்கும் வேதவசன அட்டை) எரேமியா 29:11 வந்திருந்தது. தேவன் எனக்கு வைத்திருக்கும் திட்டம் எது என்று ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன்; ஆண்டும் முடியப்போகிறது. சபையில் இன்னும் எவரிடமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையின் நோக்கத்தை நான் தவறவிட்டுவிட்டேனா? – வாசகர், சென்னை

பதில்: சகோதரரே, "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்னும் அந்த வசனம் நம் வீட்டுச் சுவர்களில் தொங்காத இடமில்லை. அதைச் சூழ்ந்துள்ள வசனங்களோ எந்த அட்டையிலும் அச்சாவதில்லை. அவற்றையும் சேர்த்து வாசித்தால்தான் உங்கள் கேள்விக்கு வழி பிறக்கும்.

எரேமியா 29-ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் மட்டுமன்றி, தச்சரையும் கொல்லரையும்கூடச் சிறைபிடித்துக்கொண்டு போனான். கைத்தொழில் தெரிந்தவர்கள், நேற்றுவரை தமக்கென்று ஓர் இடமும் பெயரும் உடையவர்கள், ஒரே நாளில் அந்நிய ஊரில் ஒன்றுமில்லாதவர்களாய் நின்றார்கள். எருசலேமில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, இன்னும் இரண்டே வருஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஆலயத்தில் நின்று அறிவித்தான். இக்காலத்துப் புத்தாண்டு மேடைகளில் அவனுக்குப் பெரும் வரவேற்பு கிடைத்திருக்கும். எரேமியா தீர்க்கதரிசியோ, பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுபது வருஷம் ஆகும் என்று எழுதியனுப்பினார். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கூட்டத்தில் இருந்த நடுவயதுக்காரர்கள், தாங்கள் இனி ஊர் திரும்பப்போவதில்லை என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொண்டிருப்பார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வாக்கு கொடுக்கப்பட்டது. அவர்கள் ஒவ்வொருவருடைய தொழிலும் எதிர்காலமும் இன்னதென்று அந்தக் கடிதம் சொல்லவே இல்லை. அவர்களுக்குக் கிடைத்த கட்டளைகளோ மிகவும் சாதாரணமானவை: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறையாக்கின அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபம்பண்ணுங்கள். முடிவு எப்போது, எப்படி என்பது தேவனுடைய கையில் இருக்கட்டும், இன்றைய நாளில் செய்ய வேண்டியது உங்கள் கையில் இருக்கிறது என்பதே அந்தக் கடிதத்தின் சாரம்.

நம்மிடையே நோக்கம் என்ற சொல் ஒரு மறைபொருளைப் போல ஆகிவிட்டது. தேவன் எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார், சரியான ஜெபத்தால் நாம் கண்டெடுக்க வேண்டும், கண்டெடுக்காவிட்டால் வாழ்க்கையே வீண் என்று நினைக்கிறோம். வேதாகமத்தில் நோக்கம் அவ்வாறு பேசப்படுவது மிக அரிது. மோசேக்கும் பவுலுக்கும் கிடைத்தது போன்ற தனிப்பட்ட அழைப்புகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் அல்லர், ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோதும் மற்றவர் சபையைத் துன்பப்படுத்தப் போய்க்கொண்டிருந்தபோதும் அது அவர்களைத் தேடி வந்தது. மற்ற எல்லாருக்கும் மீகா தீர்க்கதரிசி சொன்னதே பொது விடை: நியாயஞ்செய்வது, இரக்கத்தைச் சிநேகிப்பது, தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பது. இதற்கு நியமன ஆணை தேவையில்லை. இதிலிருந்து எவரையும் ஆட்குறைப்பு செய்யவும் முடியாது.

ஆகவே நீங்கள் எதையும் தவறவிடவில்லை. வேலைக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தாதீர்கள். அதுவும் தோட்டம் நாட்டுகிற வேலைதான். அதற்கிடையில், உங்கள் குடியிருப்பில் பத்தாம் வகுப்புக் கணக்கோடு போராடும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, சபையில் மறைத்துவைத்திருப்பதைப் பற்றி. இதில் உங்களைவிட எங்களைப் போன்ற போதகர்களுக்கே பொறுப்பு அதிகம். வேலை கிடைத்தவரையும் விசா கிடைத்தவரையும் சாட்சி சொல்ல முன்னே அழைக்கிறோம். கிடைக்காதவருக்கு ஒலிபெருக்கியைக் கொடுத்ததே இல்லை. அப்படியிருந்தும் நம்பத்தக்க இருவரிடமாவது இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அந்தப் பாபிலோன் கடிதம் தனி ஒருவருடைய முகவரிக்கு எழுதப்பட்டதன்று; சேர்ந்து வாழ வேண்டிய ஒரு ஜனத்துக்கு எழுதப்பட்டது.

கேள்வி: நான் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். கன்வென்ஷன் கூட்டத்தில் பேசியவர், முழுநேர ஊழியத்துக்கு வராதவர்கள் தேவநோக்கத்தை இழந்தவர்கள் என்றார். வேலையை விட்டுவிட வேண்டுமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்தப் பிரசங்கத்தை மட்டும் நம்பி வேலையை விட வேண்டாம். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியின் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று கொலோசெயருக்கு அவர் எழுதிய வரி, பிரசங்கிமாருக்கு எழுதப்பட்டதன்று. தங்கள் வேலையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லாத அடிமைகளுக்கு எழுதப்பட்டது. துறவிக்கு மட்டுமே அழைப்பு உண்டு என்ற எண்ணத்தை 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் எதிர்த்தபோது, குடும்பத்தையும் அன்றாடத் தொழிலையும் அழைப்பு என்றே அவர் கருதினார்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். பின்னர் 1912-இல், இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவர் முழுநேர ஊழியர்தான். ஆனால் அந்தச் சங்கம் வெளிநாட்டுப் பணத்தில் நடக்கக்கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஊரிலேயே இருந்து உழைத்துக் காணிக்கை போட்டவர்கள் இல்லாமல் ஊழியர் ஒருவரும் அந்தத் தெலுங்கு நாட்டுக்குப் போயிருக்க முடியாது. அவர்கள் நோக்கத்தை இழந்தவர்கள் என்று எவரால் சொல்ல முடியும்?

நகைக்கடனுக்காக உங்கள் கவுன்ட்டருக்கு முன் கூச்சத்தோடு நிற்கிற பெண்ணுக்கு, வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை அவருக்கு விளங்கும்படி பொறுமையாகச் சொல்லுங்கள். அழைப்பு வேறு விதமாக வந்தால் அது பல ஆண்டுகள் உங்களை விடாது, அப்போது பேசுவோம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். சில மாதங்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. வேதம் வாசித்தாலும் வெறுமையாக இருக்கிறது. எதற்கு வாழ வேண்டும் என்று தோன்றுகிறது. விசுவாசக் குறைவு என்கிறார்கள் வீட்டில். – வாசகி, கோவை

பதில்: மகளே, உன் கடிதத்துக்கு முதலில் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், உன்னைப் போல் எழுதத் தயங்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். இது விசுவாசக் குறைவு அன்று. தூக்கமும் பசியும் பல வாரங்களாகக் கெட்டு, வாழவே வேண்டாம் என்று தோன்றுவது மருத்துவர் கவனிக்க வேண்டிய நிலை. இன்றே வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரை அழைத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் போ. இரவில் அந்த எண்ணம் வந்தால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி எலியாவே, 1 இராஜாக்கள் நூலின் அடுத்த அதிகாரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டார். அவருக்கு வந்த தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை, கண்டிக்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் எழுப்பி உணவு கொடுக்கப்பட்டது. இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வியும், எலிசாவை அபிஷேகம்பண்ணு என்ற பொறுப்பும் அதற்குப் பிறகு வெகுநாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வந்தன. வாழ்க்கையின் நோக்கத்தைப் பற்றி யோசிக்க உனக்கு நிறையக் காலம் இருக்கிறது. இப்போது மருந்தும் உணவும் உறக்கமுமே உனக்கு வேண்டியவை. உன் பெற்றோரும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். முழங்கால் வலியால் ஓய்வுநாள் பள்ளிக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் போவது நின்றுவிட்டது. யாருக்கும் பயன்படாத இந்த வாழ்க்கையைக் கர்த்தர் ஏன் நீட்டிக்கிறார்? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள டோனாவூரையே பலரும் உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லியிருப்பார்கள். அங்கே பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய மிஷனெரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் தவறி விழுந்து, 1951-இல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். அங்கிருந்தபடியே பல புத்தகங்களை எழுதினார். உண்மையான, பெரிய வரலாறு அது. ஆனால் அதை நாம் சொல்லுகிற விதத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. படுக்கையிலிருந்தும் அவர் உழைத்தார் என்று பாராட்டும்போது, எழுதவும் இயலாமல் படுத்திருப்பவரின் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றிவிடுகிறோம். பயன்பாட்டை வைத்தே மனிதரை எடைபோடுவது சந்தையின் வழக்கம். அது நம் சபைக்குள்ளும் பக்தியின் உடை உடுத்திக்கொண்டு நுழைந்துவிட்டது.

எபேசியர் 2-ஆம் அதிகாரத்தில் நற்கிரியைகளைப் பற்றிப் பவுல் பேசுகிறார்; ஆனால் அதற்கு முன்பே, கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் உண்டானதல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறார். இந்த வரிசை தலைகீழானால் கிறிஸ்தவ விசுவாசமே வேறொன்றாகிவிடும். நீங்கள் வகுப்பில் நின்று பாடம் நடத்திய ஆண்டுகளிலும் தேவன் உங்களை நேசித்ததற்கு அந்தப் பாடங்கள் காரணம் அல்ல. காரணமாக இல்லாத ஒன்று நின்றுபோனதால் அந்த நேசம் எப்படிக் குறையும்?

லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் வரும் அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எண்பத்துநான்கு வயதான விதவை. கணவரோடு வாழ்ந்தது ஏழு வருஷம் மட்டுமே. தேவாலயத்தில் உபவாசித்து ஜெபித்துக்கொண்டிருந்தாள் என்பதைத் தவிர, நீண்ட அந்த ஆண்டுகளில் அவள் சாதித்தது என்று சுவிசேஷம் எதையும் பட்டியலிடவில்லை. ஆனாலும் பாலகனாகிய இயேசு ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, அவரைக் கண்டு கர்த்தரைப் புகழ்ந்தவர்களில் அவள் ஒருத்தி. எருசலேமின் ஆசாரியர்களும் அதிகாரிகளும் அன்று அங்கே இருந்ததாக லூக்கா குறிப்பிடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் துயரத்தில் பாதி தனிமை. அதற்கு வேதபாடம் மட்டும் போதாது, மனிதர் வர வேண்டும். உங்களால் சங்கத்துக்குப் போக முடியாவிட்டால், மாதம் ஒருமுறை சங்கக் கூட்டத்தை உங்கள் வீட்டு முற்றத்தில் நடத்தும்படி உங்கள் சேகர குருவானவரிடம் கேளுங்கள். பிறருக்குச் செய்தே பழகியவர்களுக்குத் தமக்காகக் கேட்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேளுங்கள் அம்மா.

கேள்வி: என் நண்பர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். தவறாமல் ரத்ததானம் செய்கிறார், நிறைவாக வாழ்கிறார். கிறிஸ்து இல்லாத வாழ்க்கை பொருளற்றது என்று அவரிடம் நான் சொல்ல வேண்டுமா? – வாசகர், மதுரை

பதில்: வேண்டாம், அது அவர் வாழ்கிற வாழ்க்கையைப் பற்றிய பொய்யாக முடியும். அயலான் யார் என்று இயேசுவிடம் கேட்கப்பட்டபோது, அவர் சொன்ன கதையில் சரியானதைச் செய்தவன் கேட்டவர்களால் புறம்பாக்கப்பட்ட சமாரியன். லீஸ்திராவில் தம்மைத் தெய்வமாக எண்ணிக் கும்பிட வந்தவர்களிடமும் பவுல், உங்களுக்கு மழையைத் தந்து உங்கள் இருதயங்களை ஆகாரத்தாலும் சந்தோஷத்தாலும் நிரப்பினவர் தேவனே என்றுதான் பேசினார்; உங்கள் சந்தோஷம் போலியானது என்று சொல்லவில்லை.

கிறிஸ்தவர் சொல்லக்கூடியது வேறு. நம் வாழ்க்கையின் பொருளை நாமே உண்டாக்கவில்லை, அது நமக்குக் கொடுக்கப்பட்டது; ஆகவே நாம் அதைப் பிடித்துக்கொள்ள இயலாமல் தளரும்போதும் அது அழிவதில்லை என்பதே நம் விசுவாசம். உங்கள் நண்பர் இதை ஏற்கலாம், மறுக்கலாம். நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு உத்தரவு சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியிருக்கிறார். கேள்வி முதலில் அவர்களிடமிருந்து வர வேண்டும். அதுவரை, அடுத்த ரத்ததான முகாமுக்கு நீங்களும் அவரோடு போய்வாருங்கள்.