பழைய தேடல் தளங்களை இன்று எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு. 1990-களின் தேடல் சேவைகளைத் தரம் பார்த்து ஒப்பிடுவது என் ஆய்வுத் தலைப்பு. அல்டாவிஸ்டா, யாஹூ, ஹாட்பாட் எதுவும் இன்று பழையபடி இல்லையே, எதை வைத்து அளப்பது? பட்டணத்தில் ஓர் அச்சுக்கடையில் 900 ரிங்கிட் கொடுத்தால் அட்டவணையோடு முடித்துத் தருவார்களாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்த மாதிரிக் கடைகளில் செய்த ஆய்வேடுகள் என் மேசைக்கும் வந்திருக்கின்றன. தசமப் புள்ளி வரை விழுக்காடு இருக்கும். எந்தச் சொற்களைத் தேடினார்கள், எந்தத் தேதியில், பொருத்தமான பக்கம் எது என்று யார் முடிவு செய்தார்கள் என்பது ஒரு வரிகூட இருக்காது. எப்படி இருக்கும்? அல்டாவிஸ்டாவை 2013-லேயே மூடிவிட்டார்கள். ஓர் ஆய்வேட்டில் 1996-க்கான ஒப்பீட்டில் கூகுளும் இருந்தது. அந்த நிறுவனம் தொடங்கியதே 1998 செப்டம்பரில்! வாய்மொழித் தேர்வில் திணறப்போவது கடைக்காரர் இல்லை, பிள்ளைதான்.

நீங்களே தேடி அளக்கவும் வழியில்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அன்றைய முகப்புப் பக்கம் கிடைக்கும். பெட்டியில் சொல்லைப் போட்டால் அன்றைய முடிவுகள் வராது. ஆகவே, அந்தக் காலத்திலேயே அளந்தவர்களின் கட்டுரைகளை எடுத்து, அவர்கள் எப்படி அளந்தார்கள் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். இரண்டு விஷயம் பார்த்தால் போதும்.

ஒன்று வீச்சு: இணையத்தில் இருப்பதில் எத்தனை பங்கு அந்தத் தளத்துக்குத் தெரியும்? மொத்தம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாதபோது இதை எப்படிச் சொல்வது? இரண்டு கங்காணிகள் தனித்தனியே தோட்டத்து ஆட்களின் பெயரை எழுதுகிறார்கள் என்று வையுங்கள். இரண்டாமவர் எழுதியதில் மூன்றில் ஒருவர்தான் முதலாமவர் பட்டியலிலும் இருக்கிறார் என்றால், முதலாமவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் எழுதியிருக்கிறார். ஸ்டீவ் லாரன்ஸ், லீ ஜைல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 575 தேடல்களை ஆறு தளங்களில் போட்டு இப்படித்தான் கணக்கிட்டார்கள். 1998-ல் சயன்ஸ் இதழில் வந்தது. குறைந்தது 32 கோடிப் பக்கங்கள் என்று மதிப்பிட்டார்கள். முதலில் நின்ற ஹாட்பாட் 34 விழுக்காடு, கடைசியில் லைக்கோஸ் 3. மறு ஆண்டு நேச்சரில் எழுதியபோது இணையம் 80 கோடிப் பக்கங்களாகிவிட்டது, எந்தத் தளமும் 16 விழுக்காட்டைத் தாண்டவில்லை. தளங்கள் தாங்களே விளம்பரப்படுத்திய எண்ணிக்கையை இதோடு சேர்க்காதீர்கள்.

இன்னொன்று பொருத்தம்: முதல் பத்து முடிவுகளில் எத்தனை உதவும்? 1997 நவம்பரில் முன்னணி நான்கு வணிகத் தளங்களில் ஒன்றே ஒன்றுதான், தன் பெயரைத் தேடினால் தன்னையே முதல் பத்துக்குள் காட்டியது என்று கூகுளைத் தொடங்கிய பிரின்னும் பேஜும் எழுதினார்கள். தங்கள் தளத்தை முன்வைக்க எழுதிய கட்டுரை அது, அதையும் குறிப்பிடுங்கள்.

யாஹூவில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். 1994-ல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ தொடங்கிய அது தேடல் இயந்திரமே அல்ல. மனிதர்கள் படித்துப் பார்த்துப் பிரிவு பிரிவாக அடுக்கிய பட்டியல். நீங்கள் தேடிய சொல் பக்கத்துக்குள் இருந்தாலும் பயனில்லை. தலைப்பிலோ குறிப்பிலோ இருந்தால்தான் அகப்படும். பட்டியலில் இல்லாததை வெளியிலிருந்து வாங்கிக் காட்டினார்கள்: 1996-ல் அல்டாவிஸ்டா, 1998-ல் இன்க்டோமி (மற்றத் தளங்களுக்குத் தேடல் முடிவுகளை விற்ற நிறுவனம்), 2000-ல் கூகுள். ஹாட்பாட்டுக்குப் பின்னாலும் இன்க்டோமிதான். ஆக, 1998-ன் கடைசியில் யாஹூவையும் ஹாட்பாட்டையும் ஒப்பிட்டவர், பாதி இடங்களில் ஒரே கடைச் சரக்கைத்தான் இரண்டு முறை எடை போட்டிருக்கிறார். எந்த ஆண்டு, பட்டியலா, வாங்கிய முடிவா என்று எழுதாத யாஹூ எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள்.

எனக்குக் கோபம் கடைக்காரர் மேல் மட்டுமல்ல, பல்கலைக்கழகத்தின் மேலும்தான். செய்யவே முடியாத தலைப்புக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு, ஓர அளவுக்கும் எழுத்துருவுக்கும் பக்கம் பக்கமாக விதி போடுகிறார்கள். கட்டுரைகளோ பல்கலைக்கழகக் கணக்குக்குள் பூட்டிக் கிடக்கின்றன. தோட்டத்தில் இணைய லைன் விட்டு விட்டு வரும் வீட்டிலிருந்து பிள்ளை என்ன செய்யும்? பிறகுதான் அச்சுக்கடைக்குப் போகிறது.

சயன்ஸ், நேச்சர், பிரின்-பேஜ் என்று மேலே சொன்ன மூன்று கட்டுரைகளின் விவரத்தையும் நூலகருக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். அனுப்பித் தருவது அவர் வேலை. தலைப்பில் "தர ஒப்பீடு" என்பதை "தரத்தை அளந்த முறைகளின் ஒப்பீடு" என்று மாற்ற மேற்பார்வையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு எழுதத் தொடங்குங்கள்.