கண்ணகி சொல்லாமல் விழுங்கியது என்ன?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வகுப்பில் 42 பேர். ‘கண்ணகியின் மனநிலையை நாட்குறிப்பாக எழுதுக’ என்றால் எல்லாரும் ‘கற்புக்கரசி, பொறுமையின் சிகரம்’ என்றே எழுதித் தருகிறார்கள். நடிக்கச் சொன்னால் கூச்சலில் முடிகிறது. வேறு என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளைகள்மேல் தப்பில்லை. ‘மனநிலையை எழுது’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் நோட்ஸில் உள்ள பதில்தான் வரும். ஒரே ஒரு கணத்தைக் கையில் கொடுங்கள். அந்தக் கணத்தில் அந்த ஆள் சொல்லாமல் விட்டது என்ன என்று கேளுங்கள்.

சிலப்பதிகாரத்தில் ‘கனாத்திறம் உரைத்த காதை’ என்ற பகுதி இதற்கு அருமையான இடம். மாதவியைப் பிரிந்த கோவலன் வீடு திரும்பி, முன்னோர் தேடிய செல்வமெல்லாம் தொலைந்துவிட்டது, இந்த வறுமை வெட்கமாக இருக்கிறது என்கிறான். கண்ணகி புன்முறுவலோடு ‘சிலம்புள கொண்ம்’ என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

இங்கே புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, அந்தச் சொற்களை மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவள் விழுங்கிய ஒரு வாக்கியம், ஒன்றே ஒன்று, எழுத வேண்டும். பெயர் வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்துச் சீட்டுகளை வாங்கிக் குலுக்கி நீங்களே வாசியுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. கோவலன் பிரிந்திருந்த காலத்தில் கண்ணகியின் ‘அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய’, அதாவது அழகிய சிவந்த சிறு பாதங்கள் சிலம்பு அணியாமல், இருந்ததாக இளங்கோ முன்பே, நான்காவது காதையில், சொல்லியிருக்கிறார். அந்த வரியைக் காட்டிவிட்டு, இரண்டாம் சீட்டை இப்போது சிலம்பு பேசுவதாக எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு மாணவி எழுதினாள்: “நீங்கள் போனதால்தான் என்னைக் கழற்றி வைத்தாள். வந்ததும் என்னை விற்கக் கேட்கிறீர்கள்.” வகுப்பே அமைதியானது. ‘கற்புக்கரசி’ அன்றைக்கு ஒரு சீட்டிலும் வரவில்லை.

கண்ணகி கடைசிவரை வாய் திறக்காதவளும் இல்லை. கொலைக்களக் காதையில் ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’, யாரும் போற்றாத நடத்தையில் இறங்கினீர்கள், என்று கணவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அந்த வரியை அடுத்த வகுப்பு வரைக்கும் மறைத்து வையுங்கள். தாங்கள் ஊகித்ததை அவளே சொல்வதைப் படிக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

நடிப்பில் கூச்சல் வருவது வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதால்தான். 42 பேரையும் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்துங்கள். பாண்டியனாக ஒருவன் நடுவே மெதுவாக நடக்கட்டும். ஊடிய தேவியைப் பார்க்கப் போகும் அவசரத்தில், சிலம்பைத் திருடியவன் கோவலன் என்று சொல்லிப் பொற்கொல்லன் குறுக்கிட்ட நேரம் அது. ஒரு வரிசை ‘விசாரி’ என்பதற்கும் மறு வரிசை ‘உடனே ஆணையிடு’ என்பதற்கும் ஆளுக்கொரு காரணத்தை அவன் காதில் கிசுகிசுக்க வேண்டும். கிசுகிசுப்பு என்பதால் சத்தம் தானாக அடங்கும். முடிவில் அவன் எந்தக் குரல் தன்னை அசைத்தது என்று சொல்லட்டும். பத்து நிமிடம் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அப்பா வீட்டைவிட்டுப் போன பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். ‘உங்கள் வீட்டில் இப்படி நடந்தால்?’ என்று கேட்கவே கேட்காதீர்கள். கேள்வி கண்ணகியைப் பற்றியே இருக்கட்டும். எழுத விரும்பாதவர் வெற்றுச் சீட்டை மடித்துப் போடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, மதிப்பெண்? உணர்ச்சிக்கு மதிப்பெண் போடாதீர்கள். சீட்டுகளை வாசித்து முடித்ததும், தான் எழுதியதற்கு எந்த அடி ஆதாரம் என்று ஒவ்வொருவரும் நோட்டில் குறிக்கட்டும். அதற்குப் போடுங்கள். ‘கண்ணகிக்குக் கோபமே இல்லை’ என்று ஒருவன் எழுதி, அந்தப் புன்முறுவலையே ஆதாரமாகக் காட்டினால் அவனுக்கும் முழு மதிப்பெண் உண்டு.