கூண்டு நாற்றம் போக: கேட்டவர்களுக்குப் பதில்கள்

முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர், சின்னப் பறவைகள் வளர்ப்பவர்கள் கேட்டவை இவை. என்ன விலங்கு, கூண்டு எதனால் ஆனது என்ற இரண்டையும் சொல்லிக் கேட்டால் பதில் துல்லியமாக அமையும்.

கேள்வி: முயல் கூண்டின் பிளாஸ்டிக் தட்டில் சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளைப் படிவு இருக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. கழுவிய மறுநாளே மூத்திர நெடி வந்துவிடுகிறது. என்ன செய்வது?

அது சுண்ணாம்பேதான். முயல் தன் உணவில் இருக்கும் கால்சியத்தைத் தேவைக்கு மேலேயே உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது. கினிப்பன்றிக்கும் அப்படித்தான். அந்தச் சிறுநீர் காயும்போது கால்சியம் கார்பனேட் அடுக்கடுக்காகப் படிகிறது. அதன் இடுக்குகளில் தங்கும் கிருமிகள் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. கண்ணை எரிக்கும் நெடி அதுதான். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், சுண்ணாம்பை எடுக்காது. அதைக் கரைக்க அமிலம் வேண்டும்.

5 சதவீத வெள்ளை வினிகர் போதும், தண்ணீர் கலக்க வேண்டாம். தட்டைக் காலி செய்து, படிவு நனையும் அளவுக்கு ஊற்றுங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பக்கச் சுவரில் வினிகர் நிற்காது. அங்கே பழைய துணியை வினிகரில் முக்கி ஒட்டிவிடுங்கள். 20 முதல் 30 நிமிடம் ஊறிய பிறகு பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தால் செதில் செதிலாக வரும். தடிப்பான படிவு ஒரே முறையில் போகாது, மறுபடி ஊற்ற வேண்டும். பொறுமை இல்லாமல் கம்பி நாரை எடுத்துவிடாதீர்கள். அது போடும் கீறல்களில்தான் அடுத்த படிவு பிடிக்கும்.

முழுக்கப் போய்விட்டதா என்று தெரிய, காய்ந்த தட்டில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி முகர்ந்து பாருங்கள். மிச்சம் இருந்தால் ஆவியோடு நெடி எழும்.

கேள்வி: வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு அழுக்கெல்லாம் வரும் என்கிறார்களே?

நுரை வரும், பலன் வராது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிடுவதால் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். சுண்ணாம்புப் படிவுக்கு வினிகரை மட்டும் போடுங்கள். அதைக் கழுவிய பிறகும் பிளாஸ்டிக்கில் வாடை நின்றால், சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, ஒரு மணி நேரம் கழித்துக் கழுவுங்கள்.

கேள்வி: கூண்டை முழுதாகச் சுத்தம் செய்ய எந்த வரிசையில் போக வேண்டும்? பிளீச் போடலாமா?

வரிசைதான் பாதி வேலை. முதலில் விலங்கை வேறு அறைக்கு மாற்றுங்கள். படுக்கையை அள்ளும் முன் லேசாகத் தண்ணீர் தெளித்துவிடுங்கள். எலி வகைகளின் காய்ந்த கழிவுத் தூசியிலும், பறவை எச்சத் தூசியிலும் மனிதருக்குத் தொற்றக்கூடிய கிருமிகள் இருக்கலாம். உலர்வாக விளக்குமாறு போட்டால் அதெல்லாம் மூக்கில்தான் ஏறும்.

அள்ளியதும் கூண்டைக் கழற்றுங்கள். நாற்றம் ஒளிந்திருப்பது தட்டின் நடுவில் இல்லை. தட்டும் கம்பியும் சேரும் விளிம்பு, மாடித்தட்டைப் பிடிக்கும் கொக்கி, ஓடுசக்கரத்தின் அச்சு ஆகிய இடங்களில்தான் இருக்கும். பழைய பல் பிரஷ் அங்கெல்லாம் நுழையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டுத் தேய்த்து அலசுங்கள். சுண்ணாம்பு இருந்தால் இப்போது வினிகர். அதன் பிறகு மறுபடி நன்றாக அலசல்.

நோய் வந்த விலங்கு இருந்த கூண்டுக்கும், வேறு ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய கூண்டுக்கும் பிளீச் அவசியம். வழக்கமான சுத்தத்துக்குச் சோப்பே போதும். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு 30 மில்லி சாதாரண வீட்டு பிளீச் கலந்து, பரப்பு 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் அழுக்கோடு போராடியே தீர்ந்துபோகும், கிருமி பிழைத்துவிடும். கலந்து வைத்ததை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள், வீரியம் இறங்கிவிடும்.

இதை மட்டும் மறக்கவே கூடாது: வினிகர் மிச்சம் இருக்கும் இடத்தில் பிளீச் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். சிறுநீர் ஊறிய இடத்தில் பட்டால் குளோரமின் கிளம்பும். இரண்டும் நுரையீரலைப் பதம் பார்ப்பவை. அதனால்தான் நடுவில் அந்த அலசல். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கடைசியாகக் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவிட்டு, பிளீச் வாடை துளியும் இல்லை என்று உறுதியான பிறகே விலங்கை விடுங்கள்.

கேள்வி: என் ஹாம்ஸ்டர் கூண்டை வாரம் தவறாமல் ஒன்றுவிடாமல் கழுவுகிறேன். நாற்றம் குறையாமல் கூடுகிறது. ஏன்?

அதிகம் கழுவுவதால்தான். ஹாம்ஸ்டருக்கு அதன் வாசனைதான் வீட்டின் அடையாளம். எல்லாவற்றையும் துடைத்தெடுத்தால் அந்நிய இடத்தில் விட்டதாக மிரண்டு, மறுபடி எல்லா இடத்திலும் தன் வாடையைப் பதிக்கத் தொடங்கும். ஆண் சுண்டெலிகளிடம் இது இன்னும் கடுமை. ஒன்றாக இருப்பவை சண்டையும் போடும்.

ஹாம்ஸ்டர் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். படுக்கை கட்டியாகி, நிறம் மாறி இருக்கும் அந்த இடத்தை மட்டும் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை கரண்டியால் அள்ளிவிட்டுப் புதுப் படுக்கை போடுங்கள். அந்த மூலையில் தூசியில்லாத மணல் கிண்ணம் வைத்தால் பல ஹாம்ஸ்டர்கள் அதையே கழிப்பிடமாக்கிக்கொள்ளும். சல்லடையில் சலித்தால் வேலை முடிந்தது. ஓடும்போதே சிறுநீர் விடுவதால் சக்கரத்தை வாரம் ஒருமுறை கழுவலாம்.

பெரிய கூண்டு, ஆழமான படுக்கை என்றால் மாதம் ஒருமுறைக்கு மேல் பெரிய சுத்தம் தேவைப்படாது. அப்போதும் காய்ந்த பழைய படுக்கையில் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டுப் பஞ்சையும் திருப்பிப் போடுங்கள். குட்டி போட்டிருந்தால் முதல் இரண்டு வாரம் கூட்டின் பக்கமே போகாதீர்கள். மிரண்ட தாய் குட்டிகளைத் தின்றுவிடக்கூடும்.

கேள்வி: மரக்கூண்டின் பலகையில் சிறுநீர் ஊறிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

மேலாக ஊறியிருந்தால் முடியும். என்சைம் கலந்த, வாசனை சேர்க்காத துப்புரவுத் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, காயாமல் ஈரத்துணியால் மூடி வையுங்கள். காய்ந்துவிட்டால் என்சைம் வேலை செய்யாது. முன்னதாக வெந்நீரோ பிளீச்சோ ஊற்றினாலும் கெட்டுவிடும். பிறகு கழுவி, வெயிலில் இரண்டு, மூன்று நாள் காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, விலங்குக்குத் தீங்கில்லாத நீர் சார்ந்த வார்னிஷ் பூசுங்கள். கறுத்து மெத்தென்று ஆகிவிட்ட பலகையை மாற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: பறவைக் கூண்டின் கம்பிக்கும் வினிகர் போடலாமா?

துத்தநாகம் பூசிய கம்பியாக இருந்தால் ஊற வைக்காதீர்கள். வினிகர் அந்தப் பூச்சைக் கரைக்கும். கம்பியைக் கடிக்கும் பறவைக்குத் துத்தநாகம் நஞ்சு. வினிகரில் நனைத்த துணியால் துடைத்து உடனே அலசுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கவலையில்லை. எச்சத்தைச் சுத்தம் செய்த பிறகும் வாடை வந்தால், அடிச்சல்லடைக்குக் கீழே ஈரத்தில் பூசணம் பிடித்த தானியம் கிடக்கிறதா பாருங்கள்.

கேள்வி: வாசனை ஸ்பிரே, அந்துருண்டை, பினாயில்? படுக்கையில் சமையல் சோடா தூவுவது?

எதுவும் வேண்டாம். அந்துருண்டையும் பினாயிலும் சின்ன உயிர்களுக்கு நஞ்சு. ஸ்பிரே நாற்றத்தை மூடுமே தவிர அம்மோனியாவைக் குறைக்காது. பறவைகளின் மூச்சுப்பைகள் அந்தப் புகையைத் தாங்காது. தூவிய சோடாவோ மூக்கில் ஏறும், வயிற்றுக்கும் போகும். வாசனைக்காகத் தேவதாரு மரச்சீவல் போடுவதும் தவறு, அந்த வாசனையே மூச்சுக்குழலை உறுத்தும். காகிதப் படுக்கையோ ஆஸ்பென் என்ற மரத்தின் சீவலோ போடுங்கள்.

கேள்வி: கினிப்பன்றிக்குப் படுக்கையாகப் போடும் ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைத்) துணி துவைத்தும் நாறுகிறது.

துணி மென்மையாக்கியை நிறுத்துங்கள். அது இழைகளின் மேல் படிந்து ஈரத்தைக் கீழே இறங்கவிடாது. மேலேயே நிற்கும் சிறுநீர்தான் நாறுகிறது. முடியையும் புழுக்கையையும் உதறிவிட்டு, வாசனையில்லாத சோப்பில் வெந்நீரில் துவைத்து, கடைசி அலசலில் ஒரு கோப்பை வினிகர் விடுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் நாற்றம் போகவில்லை என்றால்?

கூண்டை விட்டு விலங்கைப் பாருங்கள். பின்புறம் ஈரம், கழிச்சல், சிறுநீரில் ரத்தம், கழிக்கும்போது முனகல் இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வயதான ஆண் கினிப்பன்றிக்கு ஆசனவாய்ப் பையில் கழிவு அடைத்துக்கொள்வதும் உண்டு, அந்த நாற்றம் கூண்டைக் கழுவினால் தீராது.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். ஹாம்ஸ்டர் கூண்டைச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம் அம்மா. எலி வகைகளின் கழிவு வழியே பரவும் ஒரு வைரஸ் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். பிரசவம் வரை வீட்டில் வேறொருவர் அந்த வேலையைப் பார்க்கட்டும். கூண்டையும் நீங்கள் அதிகம் புழங்காத அறையில் வையுங்கள்.