ஹார்ட்டன்ஸ்டைன் காப்பாற்றியது யாரை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மானிய நீர்மூழ்கித் தளபதி வெர்னர் ஹார்ட்டன்ஸ்டைன் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். உருக்கமாக இருந்தது. ஆனால் ஒரு நெருடல். 'லக்கோனியா' கப்பலை மூழ்கடித்தவரே அவர்தான். தண்ணீரில் தத்தளிப்பவர்கள் ஜெர்மனியின் கூட்டாளிகளான இத்தாலியர்கள் என்று தெரிந்த பிறகுதான் காப்பாற்ற இறங்கினார். தான் வைத்த தீயைத் தானே அணைத்தவருக்கு எதற்கு இவ்வளவு புகழ்? ஹிட்லரின் கடற்படை அதிகாரி ஒருவரை மனிதநேயத்துக்கு அடையாளமாக நிறுத்தலாமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

நீங்கள் கேட்டதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

1942 செப்டம்பர் 12 இரவு, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் அட்லாண்டிக்கில் ஹார்ட்டன்ஸ்டைனின் நீர்மூழ்கியான யூ-156 லக்கோனியாவைத் தாக்கியது. அது பீரங்கி பொருத்திய, விளக்கணைத்துச் சென்ற பிரிட்டிஷ் துருப்புக் கப்பல். போர் விதிப்படி அதைத் தாக்கத் தடை இல்லை. உள்ளே ஏறத்தாழ 2,700 பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் 1,800 பேர் இத்தாலியப் போர்க்கைதிகள். அடித்தளங்களில் அடைக்கப்பட்டிருந்த அவர்களில் பலரால் வெளியே வரவே முடியவில்லை. மேலே வந்த ஹார்ட்டன்ஸ்டைனின் காதில் விழுந்தது இத்தாலிய மொழிக் கூக்குரல். உடனே தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார்: பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்துவிட்டேன், துரதிர்ஷ்டவசமாக அதில் 1,500 இத்தாலியக் கைதிகள், இதுவரை 90 பேரை மீட்டிருக்கிறேன், உத்தரவு வேண்டும். அந்தத் 'துரதிர்ஷ்டவசமாக' இத்தாலியர்களுக்காக எழுதப்பட்ட சொல்தான். நீங்கள் சொல்வதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் நீங்கள் முதல் இரவோடு நின்றுவிடுகிறீர்கள். மறுநாள் விடியற்காலையில் அவர் செய்ததைப் பாருங்கள். சங்கேதம் எதுவும் இல்லாமல், வெளிப்படையான ஆங்கிலத்தில் வானொலியில் அறிவித்தார். லக்கோனியாவில் தப்பியவர்களுக்கு உதவ எந்தக் கப்பல் வந்தாலும் தாக்கமாட்டேன், என்னைக் கப்பலோ விமானமோ தாக்காத வரையில். 193 பேரை ஏற்றியிருக்கிறேன். தெற்கே 4 பாகை 53 கலை, மேற்கே 11 பாகை 26 கலை. இப்படிக்கு, ஜெர்மானிய நீர்மூழ்கி.

அந்த எண்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். நீர்மூழ்கிக்கு உயிர் என்பதே மறைவிடம்தான். தான் எங்கே நிற்கிறது என்று எதிரியின் மொழியிலேயே சொல்லும் நீர்மூழ்கி, தன் கழுத்தைத் தானே நீட்டுகிறது. கூட்டாளிகளை மட்டும் மீட்க நினைத்தவர் இத்தாலியர்களைப் பொறுக்கி ஏற்றிக்கொண்டு விலகியிருக்கலாம். இவர் பிரிட்டிஷ் பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே ஏற்றினார், உணவு கொடுத்தார், படகுகளைக் கயிறு கட்டி இழுத்தார். பிறகு யூ-506, யூ-507 என இன்னும் இரண்டு ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வந்து சேர்ந்தன. மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான டாக்கரிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்கள் கிளம்பின.

செப்டம்பர் 16 காலை, அசென்ஷன் தீவிலிருந்து லிபரேட்டர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று வந்தது. ஹார்ட்டன்ஸ்டைன் பெரிய செஞ்சிலுவைக் கொடியை விரித்துக் காட்டினார். நீர்மூழ்கியில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஒருவர் விளக்கைச் சிமிட்டிச் செய்தி சொன்னார்: ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து பேசுகிறேன், இங்கே லக்கோனியாவில் தப்பிய படைவீரர்கள், பொதுமக்கள், பெண்கள், குழந்தைகள் இருக்கிறார்கள். விமானம் பதில் சொல்லாமல் விலகியது. பிறகு, நீர்மூழ்கியை மூழ்கடிக்கும்படி தளத்திலிருந்து உத்தரவு கிடைக்க, குண்டுகளோடு திரும்பியது. இழுத்துவந்த படகு ஒன்றின்மீதே குண்டு விழுந்தது. அதன் பிறகு அவர் கயிற்றை வெட்டச் சொன்னார், மேல்தளத்தில் இருந்தவர்களை இறக்கிவிட்டு மூழ்கினார். பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தபோது எஞ்சியிருந்தவர்களை அள்ளிக்கொண்டன. மொத்தத்தில் சுமார் 1,100 பேர் பிழைத்தார்கள், 1,600க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர்களே. எவருக்காக அவர் முதலில் பதறினாரோ அவர்கள்!

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்குத்தான் விழவேண்டிய அடி. குண்டுவீச்சு நடந்து மூன்றே நாளில், செப்டம்பர் 19 அன்று, அதே ஹார்ட்டன்ஸ்டைன் 'கியூபெக் சிட்டி' என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தார். இதை என் கட்டுரையில் எழுதாமல் விட்டேன். கதையின் நெகிழ்ச்சி கெடும் என்று எண்ணியிருக்கிறேன், அது தவறு. அதே ஆண்டு பிப்ரவரியில் அரூபா தீவின் எண்ணெய் ஆலையைக் கொளுத்தப் போனவரும் இவர்தான். அங்கே பீரங்கி வாயின் நீர்த்தடுப்பு மூடியைக் கழற்றாமல் சுட்டுவிட்டார்கள். குழலுக்குள்ளேயே குண்டு வெடித்தது. மாலுமி ஒருவர் இறந்தார், அதிகாரி ஒருவர் காலை இழந்தார். ஹார்ட்டன்ஸ்டைன் பிளந்த குழலின் முனையை ரம்பத்தால் அறுத்துவிட்டு, குட்டையான அந்தப் பீரங்கியோடு வேட்டையைத் தொடர்ந்தார். கடமையில் இம்மி பிசகாத போர்வீரர் அவர். மூழ்கடித்ததும் காப்பாற்றியதும் ஒரே ஆள்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குண்டுவீச்சுக்கு மறுநாளே கடற்படையின் நீர்மூழ்கித் தலைவர் டோனிட்ஸ் ஓர் உத்தரவு போட்டார். மூழ்கும் கப்பல்களின் ஆட்களை இனி மீட்கக் கூடாது, தண்ணீரும் உணவும்கூடக் கொடுக்கக் கூடாது என்றது அது. போருக்குப் பின் நாஜித் தலைவர்கள்மீது நடந்த நியூரம்பர்க் விசாரணையில் அது டோனிட்ஸ்மீதான குற்றச்சாட்டாக வந்தது. ஹார்ட்டன்ஸ்டைன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

1943 மார்ச் 8. பார்படோஸுக்குக் கிழக்கே ஓர் அமெரிக்கக் கேட்டலினா விமானம் யூ-156-ஐக் குண்டு வீசி மூழ்கடித்தது. நீர்ப்பரப்பில் சிலர் நீந்திக்கொண்டிருப்பதை விமானிகள் பார்த்தார்கள். ரப்பர் மிதவையையும் உணவையும் கீழே போட்டார்கள். ஐந்து பேராவது அதில் ஏறினார்கள். தேடப் போன அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு யாரும் அகப்படவில்லை. நீர்மூழ்கியில் இருந்த 53 பேரும் மாண்டார்கள்.