62,000 டாலர் ஹாட் ராட்: இப்போது வாங்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: எனக்கு 51 வயதாகிறது. கோவையில் வளர்ந்தவன், இருபது ஆண்டுகளாகக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். பள்ளி நாள்களில் அப்பா என்னைச் சோழவரம் கார் பந்தயத்துக்கு அழைத்துச் சென்றதிலிருந்தே பழைய வண்டிகள் மீது தீராத ஆசை. சாக்ரமென்டோவில் ஒருவர் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் (கூரையில்லாத கார்) வடிவிலான ஹாட் ராட் ஒன்றை, அதாவது எஞ்சினையும் பாடியையும் மாற்றி வேகத்துக்காகக் கட்டிய பழைய பாணி வண்டியை, 62,000 டாலருக்கு விற்கிறார். அது 2009-இல் கட்டப்பட்டது. ஷெவ்ரோலே 350 எஞ்சின் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) 1932 ஃபோர்டு என்றே இருக்கிறது. வங்கிக் கையிருப்பு 1,40,000 டாலர். 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் 6,20,000 டாலர். வீட்டுக்கடன் 3 விழுக்காடு வட்டியில் 4,10,000 டாலர் பாக்கி. மாதக் குடும்பச் செலவு 9,000 டாலர். மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். முதலாண்டுக்கு 40,000 டாலர் தேவைப்படும். கையிருப்பைத் தொடாமல் 401(கே)-இலிருந்தோ வீட்டின் பேரிலோ கடன் எடுக்கலாமா? வேறொருவர் பாதி வேலை முடிந்த வண்டியை 28,000 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார், அது மலிவல்லவா? விற்பவர் இதை முதலீடு என்கிறார்; என் மனைவி பணத்தைக் கரியாக்கும் வேலை என்கிறார். அறுபது வயதில் ஊர் திரும்பும்போது வண்டியையும் கொண்டு வர முடியுமா?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் கணக்குக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனாலும் வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆசைக்கென்று ஒதுக்கிய பணத்தில், கரைந்தாலும் வீடு அசையாத அளவுக்குள் வாங்கினால் அது நியாயமான செலவு; முதலீடு என்ற பெயரில் ஓய்வுக்காலப் பணத்தையோ வீட்டையோ அதற்குள் இழுத்தால்தான் தவறு.

விற்பவரின் வாதத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1932-இல் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 எஞ்சினைச் சாமானியர் வாங்கும் விலையில் கொடுத்தது. அந்த வண்டிகள் பழையதாகிக் கைமாறியபோது தென் கலிஃபோர்னிய இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்காடுகளைக் கழற்றி எறிந்து, எஞ்சினை முடுக்கி, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். (நீங்கள் அப்பாவோடு பார்த்த சோழவரமும் உலகப் போர்க்கால விமான ஓடுதளம்தான், வேகப் பித்து எங்கும் காலியான சமதளத்தைத்தான் தேடிப் போயிருக்கிறது.) அந்தக் காலத்திலேயே கட்டப்பட்டு, யார் கட்டினார், எங்கே ஓடியது என்பதற்குப் புகைப்படமும் சான்றும் உள்ள வண்டிகளுக்குச் சேகரிப்பாளர்களிடையே உண்மையான மதிப்பு உண்டு, 1997-இல் புகழ்பெற்ற பழைய கார் கண்காட்சியான பெபிள் பீச்சே ஹாட் ராட்களுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கியது. 2009-இல் கட்டிய வண்டிக்கு அந்த வரலாறு கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் பழைய காருக்கு அதன் அசல் தன்மை விலை சேர்க்கும். ஹாட் ராட் என்பதோ யாரோ ஒருவர் தம் ரசனைக்குக் கட்டிக்கொண்டது. அவர் விரும்பிய ஆரஞ்சு நிறத்துக்கும் அவர் முதுகுக்கு அளவெடுத்துத் தைத்த இருக்கைக்கும் அடுத்தவர் முழு விலை கொடுப்பதில்லை.

இதே காரணத்தால்தான் கட்டி முடித்த வண்டியைக் கட்டியவரின் செலவைவிடக் குறைவாக வாங்க முடிகிறது. 28,000 டாலர் வண்டி மலிவல்ல என்பதற்கும் அதுவே காரணம். பாதியில் நிற்கும் வண்டியில் பெரும்பாலும் முடிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. மின்கம்பி, பிரேக் குழாய், கூலன்ட் ஓட்டம், கதவு இடைவெளி, பெயின்ட், உள்ளலங்காரம் என்று நேரத்தையும் பணத்தையும் விழுங்கும் வேலைகள்தான் மீதமிருக்கும். பே ஏரியாவில் பட்டறைக் கூலி மணிக்கணக்கில் வாங்கப்படுவது. மணிக்கு 150 டாலர் என்று வைத்து, 250 மணி நேர வேலை மிச்சமிருந்தால் கூலி மட்டுமே 37,500 டாலர் ஆகிவிடும். உதிரிப் பாகங்கள் தனி. கராஜில் நீங்களே ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர், அந்த வேலைதான் இன்பம் என்றால் கணக்கு வேறு. ஓட்டும் இன்பம்தான் வேண்டுமென்றால் ஓடுகிற வண்டியை வாங்குங்கள்.

இனி, பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பது. 401(கே)-இலிருந்து உங்களுக்குச் சேர வேண்டிய தொகையில் பாதி வரை, அதிகபட்சம் 50,000 டாலர், கடனாக எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. பொதுவாக ஐந்தாண்டுகளில் திருப்ப வேண்டும். சிக்கல் வேலை போகும்போதுதான் தெரியும். பாக்கித் தொகையை அந்த ஆண்டுக்கான வருமான வரித் தாக்கல் கெடுவுக்குள் கட்டாவிட்டால் அது பணம் எடுத்ததாகக் கருதப்பட்டு, வருமான வரியோடு, விதிவிலக்குகளுள் ஒன்று பொருந்தாத பட்சத்தில், 10 விழுக்காடு அபராதமும் கலிஃபோர்னியாவின் 2.5 விழுக்காடும் சேரும். உங்கள் துறையில் ஆள்குறைப்பு எப்படி வருகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டின் பேரில் எடுக்கும் கடனுக்கு வரும் வட்டி உங்கள் 3 விழுக்காட்டை விடக் கணிசமாக அதிகமாக இருக்கும். வீட்டை மேம்படுத்தச் செலவிடாததால் அந்த வட்டிக்கு வரிச்சலுகையும் கிடையாது. தவணை தவறினால் பிணையில் நிற்பது நீங்கள் குடியிருக்கும் வீடு. இரண்டு வழியும் வேண்டாம்.

ஆகவே கையிருப்பிலிருந்துதான் வாங்க வேண்டும். அதில் எவ்வளவு என்பதே கேள்வி. ஆறு மாதச் செலவான 54,000 டாலரை அவசரகால நிதியாக விலக்குங்கள். மகளின் முதலாண்டுக்கு 40,000 டாலர். மிச்சம் 46,000 டாலர். வண்டியின் விலை மட்டுமல்லாமல் எல்லாமே இதற்குள் அடங்க வேண்டும். தனியாரிடம் வாங்கினாலும் பதிவு செய்யும்போது பயன்பாட்டு வரி கட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் பகுதியில் அது 10 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டுகிறது. 38,000 டாலருக்கு ஒரு வண்டி, வரி ஏறத்தாழ 3,900, வாங்குமுன் செய்யும் பரிசோதனைக்கும் ஏற்றி வருவதற்கும் 1,000, முதலாண்டுப் பழுதுக்கு 3,000 என்று போட்டால் 45,900 டாலர். இதுதான் இன்றைய உங்கள் எல்லை. சாக்ரமென்டோ வண்டிக்கு வரியோடு 68,000 டாலருக்கு மேல் வேண்டும். இன்று அது உங்கள் வண்டியல்ல. மாதம் 1,200 டாலர் வீதம் இரண்டாண்டு சேமித்தால் வேண்டுமானால் அந்த விலைக்கு வந்து சேரலாம்.

வாங்கிய பிறகு என்ன ஆகும் என்பதையும் மனைவியிடம் மறைக்காமல் எழுதிக் காட்டுங்கள். 62,000 டாலருக்கு வாங்கி ஏழாண்டு வைத்திருந்து 48,000-க்கு விற்பதாக நான் கற்பனையாகக் கொள்கிறேன். காப்பீடு, பதிவு, டயர், பேட்டரி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 3,000 டாலர். விலையில் இழப்பு 14,000, வரி ஏறத்தாழ 6,400, ஏழாண்டுச் செலவு 21,000. மொத்தம் 41,400 டாலர், அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 5,900. வண்டியில் முடங்கிய பணம் வங்கியில் 4 விழுக்காட்டில் ஈட்டியிருக்கக்கூடிய 2,700-ஐயும் சேர்த்தால் ஆண்டுக்கு 8,600, மாதத்துக்கு ஏறத்தாழ 717 டாலர். ஆண்டில் இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமைகள் வெளியே எடுத்தால் ஒவ்வொரு ஞாயிறும் 344 டாலர். இந்தத் தொகையைப் பார்த்த பிறகும் இருவரும் சரி என்றால் வாங்குங்கள். வீட்டில் இந்தப் பேச்சு நடக்க வேண்டியது 'லாபமா நட்டமா' என்று அல்ல, '344 டாலர் ஞாயிற்றுக்கிழமை நமக்குக் கட்டுப்படியாகுமா' என்று.

38,000 டாலருக்குத் தேடும்போது ஃபைபர்கிளாஸ் பாடி கொண்ட 1932 வடிவ வண்டிகளும், எஃகுப் பாடியே கொண்ட 1940-களின் பிற்பகுதி ஃபோர்டு கூப்பேகளும் கண்ணில் படலாம். எனக்கு இரண்டாவது வகைதான் உகந்ததாகப் படுகிறது. கூரையும் கண்ணாடியும் இருப்பதால் மனைவியும் உடன் வருவார். ஷெவ்ரோலேயின் சிறிய வி-8 எஞ்சின் என்றால் பாகங்கள் எங்கும் கிடைக்கும், செலவும் குறைவு. பழைய ஃபோர்டு ஃபிளாட்ஹெட் எஞ்சினின் ஒலிக்கு மயங்குபவர்கள் உண்டு. ஆனால் அதில் சூடான புகைப் பாதை எஞ்சின் பிளாக்கின் உள்ளேயே தண்ணீர் அறைகளை ஒட்டிச் செல்வதால் 880 நெடுஞ்சாலை நெரிசலில் கொதித்துவிடக்கூடும்.

கதவில் இருப்பது இரும்பா, பட்டியா (துருப்பிடித்த இடத்தை மறைக்க அப்பும் பூச்சு) என்று பார்க்க ஒரு சிறு வழி. நண்பர் ஒருவருக்குத் துணையாக வண்டி பார்க்கப் போனபோது, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சாதாரணக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கதவின் மேலிருந்து கீழாக மெல்ல நகர்த்தினோம். கைப்பிடிக்கு அருகில் கெட்டியாகப் பற்றியது. கீழ் விளிம்புக்கு நாலு விரற்கடை மேலே வந்ததும் பிடி விட்டுத் துணியோடு கீழே விழுந்தது. பளபளக்கும் கறுப்புப் பெயின்டுக்குக் கீழே துருவும் அதன்மேல் அப்பிய பட்டியும்தான் இருந்தன. விற்பவர் விலையில் 4,000 டாலரைக் குறைக்க முன்வந்தார். நாங்கள் வாங்காமல் திரும்பினோம்.

காந்தத்தைவிட முக்கியமானது டைட்டில். அக்கால ஃபோர்டுகளில் எஞ்சினுக்கு இட்ட வரிசை எண்ணையே சேஸிஸிலும் (அடிச்சட்டத்திலும்) பொறித்தார்கள். 2009-இல் புதிய சேஸிஸ், புதிய பாடி வைத்துக் கட்டிய வண்டிக்கு 1932 டைட்டில் எப்படி வந்தது என்று கேளுங்கள். எங்கோ மக்கிப்போன வண்டியின் காகிதத்தை இதற்கு மாட்டியிருந்தால், பின்னாளில் மாநில வாகனப் பதிவுத் துறையான டி.எம்.வி.-யிலும் விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்திடமும் மாட்டிக்கொள்வது நீங்கள். முறைப்படி இது 'தனியாகக் கட்டப்பட்ட வாகனம்' என்று பதிவாக வேண்டும். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்கு ஸ்மாக் சோதனை (புகைச் சோதனை) இல்லை. ஆனால் தனியாகக் கட்டிய வாகனங்களுக்கு, அவை ஒத்திருக்கும் பழைய மாடலின் ஆண்டை வைத்து விலக்குத் தரும் சான்றிதழ் ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஏற்கெனவே அந்தச் சான்றிதழோடு இருக்கும் வண்டியை வாங்குவது நிம்மதி. சேஸிஸில் இருக்கும் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றென்று உங்கள் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

காப்பீட்டில் ஒரே ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்றால் வண்டி முற்றிலும் அழிந்தால் பாலிசியில் எழுதிய தொகை வரும். 'அறிவித்த மதிப்பு' என்றால் நீங்கள் சொன்ன தொகை, சந்தை மதிப்பு இரண்டில் குறைந்ததைத் தரும் உரிமை பொதுவாக நிறுவனத்துக்கு உண்டு. முதல் வகையையே வாங்குங்கள். ஹேகர்ட்டி போன்ற பழைய வண்டிக் காப்பீட்டு நிறுவனங்கள், பூட்டிய கராஜ், அன்றாடப் பயணத்துக்கு வேறு கார், அலுவலகத்துக்கு இதை ஓட்டாமை ஆகியவற்றை எதிர்பார்க்கின்றன. மகள் ஓட்டக் கேட்டால் முதலில் பாலிசியைப் பாருங்கள்.

வருமான வரியில் சொந்தப் பயன்பாட்டு வண்டியை நட்டத்தில் விற்றால் அந்த நட்டத்தைக் கழிக்க முடியாது. லாபத்தில் விற்றால் மட்டும் வரி உண்டு, சேகரிப்புப் பொருளாகக் கொள்ளப்பட்டால் நீண்டகால லாபத்துக்கு 28 விழுக்காடு வரை. எஞ்சின் மாற்றம் போன்ற மேம்பாட்டுச் செலவை வாங்கிய விலையோடு சேர்க்கலாம் என்பதால் ரசீதுகளை வைத்திருங்கள்; ஆயில் மாற்றிய ரசீது அதற்கு உதவாது.

கோவைக்குக் கொண்டு செல்லும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம், தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021-இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 'விஏ' வரிசை எண் தருகின்றன. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஹாட் ராட்டின் இலக்கணமே அந்த மூன்றையும் மாற்றுவதுதான். ஸ்டியரிங்கும் இடப்பக்கம். சுங்க வரியைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே எழவில்லை. ஊர் திரும்ப முடிவு செய்தால், கிளம்புவதற்கு ஓராண்டு முன்பாகவே விற்பனைக்கு வையுங்கள். பிளசன்டன் திடலில் நடக்கும் குட்கைஸ் ஹாட் ராட் கண்காட்சிகளில் வாங்கும் நோக்கத்தோடு வருபவர்கள் உண்டு, ஃப்ரீமான்டிலிருந்து அது அரை மணி நேரத் தொலைவுதான்.