நியூமார்க்கெட் ஏன் குதிரைப் பந்தயத்துக்குப் பெயர் பெற்றது?

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள இந்தச் சிறிய சந்தை ஊருக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அரசர்களால் வந்தது என்பார்கள். மண்ணால் வந்தது என்பேன் நான். சுண்ணப் பாறையின் மேல் படர்ந்த பழைய புல்வெளி அது. மழைநீர் விரைவில் வடிந்துவிடும். ஓடும் குளம்புக்கு இதமாக இருக்கும்.

அரசர்களுக்கும் பங்கு உண்டு. முதலாம் ஜேம்ஸ் இங்கே அரண்மனை கட்டினார். அவர் பேரன் இரண்டாம் சார்லஸ், தாம் ஏற்படுத்திய டவுன் பிளேட் பந்தயத்தில் 1671இல் தாமே குதிரையேறி வென்றார்! அவருடைய பொலிகுதிரை ரவுலியின் பெயரையே ரவுலி மைல் ஓடுதளம் தாங்கியிருக்கிறது. 1809இல் தொடங்கிய டூ தவுசண்ட் கினீஸ் பந்தயம் இன்றும் அங்கேதான் நடக்கிறது.

விடியற்காலையில் குதிரைகள் வரிசையாகச் சாலையைக் கடந்து வாரன் ஹில் மேட்டுக்குப் பயிற்சிக்குப் போகும். அதுவரை கார்கள் நின்று வழிவிடும்.