எல்லா இலையையும் ஒரே பானையில் கொதிக்க விடலாமா?

கேள்வி: ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சளி, இருமல். தொட்டியில் கற்பூரவல்லி, துளசி, தூதுவளை இருக்கின்றன; வேலியோரம் ஆடாதோடையும் நொச்சியும். எல்லாவற்றிலும் கொஞ்சம் பறித்துப் போட்டுக் கஷாயம் வைத்து, தை வரை தினமும் எல்லோருக்கும் கொடுக்கலாமா? வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். மாமனார் சர்க்கரைக்கும், ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: அப்படிக் கொடுக்க வேண்டாம். இலைகளில் குற்றமில்லை, ஒரே பானையில் போடுவதுதான் தப்பு. துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் பலமே அவற்றின் வாசனை எண்ணெய்தான். கொதிக்கக் கொதிக்க அது ஆவியோடு போய்விடும். சமையலறை முழுக்க மணக்கிறது என்றால், டம்ளருக்கு வரவேண்டியது காற்றில் போகிறது என்று அர்த்தம். ஆடாதோடை நேரெதிர், அது நிதானமாகக் கொதித்தால்தான் சத்து இறங்கும்.

துளசியில் பத்து இலை போதும். 150 மி.லி. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலையைக் கிள்ளிப் போட்டுத் தட்டால் மூடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறக்கும்போது தட்டில் முத்து முத்தாக நிற்கும் நீரையும் உள்ளேயே தட்டி விடுங்கள்; வாசனை அதில்தான் இருக்கிறது.

கற்பூரவல்லியைக் கொதிக்கவே விட வேண்டாம். நான்கு இலையைத் தணலில் வாட்டினாலோ, இட்லித் தட்டில் இரண்டு நிமிடம் வைத்தாலோ துவண்டுவிடும். கையால் பிழிந்தாலே சாறு வரும். பெரியவர்களுக்கு ஒரு டீஸ்பூன் சாற்றில் அரை டீஸ்பூன் தேன். ஓமத்தில் உள்ள தைமால் இதிலும் இருப்பதால்தான் இதற்கு ஓமவல்லி என்றும் பெயர். அந்தக் காரத்தால் பச்சைச் சாறு குழந்தையின் வாயை எரிக்கும். பையனுக்கு அரை டீஸ்பூன் சாற்றைத் தேனில் குழைத்து, சளி இருக்கும் இரண்டு மூன்று நாள் மட்டும் கொடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய போட்யூலினம் கிருமியின் விதைகளை அந்தக் குடல் தாங்காது.

தூதுவளையை மருந்தாக நினைக்காமல் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்தில் மழைக்காலம் முழுக்க வைத்துக்கொள்ளத் தோதானது இதுதான். வாரம் இரண்டு நாள் ரசமோ துவையலோ போதும். பலர் இதை விட்டுவிடுவது முள்ளால்தான். இலை நரம்பிலும் காம்பிலும் இருக்கும் முள்ளைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, ஒரு கைப்பிடி இலையை ஒரு டீஸ்பூன் நெய்யில் நிறம் மாறும்வரை வதக்குங்கள். மிச்ச முள்ளும் மெத்தென்று ஆகிவிடும். வறுத்த உளுந்து இரண்டு டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன், துளி புளி, உப்பு சேர்த்து அரைத்தால் துவையல். வதக்காமல் அரைத்தால் தொண்டையில் குத்தும், பிறகு வீட்டில் யாரும் தொட மாட்டார்கள்.

ஆடாதோடை விஷயத்தில் கை அளவாக இருக்கட்டும். ஆடு தொடாத இலை என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. இதன் வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் புரோம்ஹெக்ஸின் என்ற சளி இளக்கும் மருந்தே உருவானது. எனவே கெட்டிச் சளியோடு வரும் இருமலுக்குத்தான் இது பொருந்தும். வெறும் மூக்கொழுகலுக்கு வேலையில்லை. பெரியவர் ஒருவருக்கு இரண்டு இலை: நடு நரம்பை நீக்கி நறுக்கி, நான்கு மிளகு தட்டிப் போட்டு, 200 மி.லி. தண்ணீர் 50 மி.லி. ஆகும்வரை சிறு தீயில் வற்றவிட வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள் வரை போதும். அளவு மீறினால் வாந்தி வரும். கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை உண்டு என்பதால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இருமும் பையனுக்கும் சித்த மருத்துவரைக் கேட்காமல் இதைக் கொடுக்காதீர்கள்.

நொச்சி ஆவி பிடிக்க மட்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஒரு கைப்பிடி இலை போட்டு மூடி, ஐந்து நிமிடம் கழித்து முகத்தை ஒரு அடி தள்ளி வைத்துப் பிடியுங்கள். மூக்கடைப்பு இளகும், அவ்வளவுதான், கிருமி சாகாது. அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிவதும், குழந்தையை மடியில் வைத்துப் போர்வைக்குள் உட்காருவதும் வெந்நீர் கொட்டிப் புண்ணாவதில்தான் முடிகின்றன. பையனுக்கு ஆவி வேண்டாம்.

மாமனாருக்குத் துவையலும் ரசமும் தடையில்லை. துளசி, மஞ்சள், சுக்கு இவை சமையல் அளவில் பரவாயில்லை. கெட்டியான கஷாயமாகத் தினமும் குடித்தால் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தின் வேலையைக் கூட்டிவிடலாம். நிலவேம்புக் குடிநீர் சர்க்கரையை இறக்கும். மாத்திரையோடு சேர்ந்தால் வியர்வை, நடுக்கம் வரும். மருத்துவரிடம் சொல்லிவிட்டே கொடுங்கள். இருமல் கஷாயத்தில் வழக்கமாகப் போடும் அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், அவருக்கு அதைத் தவிர்க்கலாம். பனங்கற்கண்டும் சர்க்கரைதான் என்பதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனாலும் சொல்லிவையுங்கள்.

காய்ச்சல் வந்தால் கணக்கே வேறு. ஒன்பது சரக்கு சேர்ந்த நிலவேம்புக் குடிநீர்ப் பொடியில் 5 கிராம் எடுத்து, 200 மி.லி. தண்ணீரை 50 மி.லி. ஆக வற்றவைத்து வடிகட்டி, மூன்று மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். காலையில் வைத்ததை இரவில் சூடாக்கிக் குடிப்பதில் பயனில்லை. கர்ப்பிணிகளுக்கு இதுவும் வேண்டாம். கட்டி கட்டியாகப் பூத்த பொடியைத் தூக்கி எறியுங்கள், மழைக்காலத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். இதைக் குடிப்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. டெங்குவாக இருக்கலாம் என்பதால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைதான். காய்ச்சல் விடும் நாளில்தான் இவை அதிகம் தலைகாட்டும்.

பையனுக்கு இருமல் இருந்தால், அவன் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, விலாவின் கீழ் உள்வாங்கினாலோ எந்த இலையும் வேண்டாம், அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.